தொட்டால் செல்லாது

சேசம்மா பாசி எடுக்கிறவள். பாம்பனை அடுத்த கடலில் பாறை ஓரமாக முங்கி, பாசி பறித்து, இடுப்புச் சாக்கில் திணித்து, கரையில் காயப்போட்டு விற்கிறவள். வயது நாற்பத்தொன்று. பேச மாட்டாள். பேசினால் அது ஏச்சாக இருக்கும்.

அவளிடம் கடல் படிக்க வந்தவர் சொக்கநாதன். வயது ஐம்பத்தாறு. மதுரையில் மின்வாரியப் பொறியாளராக இருந்து, முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவர். நீச்சல் குளத்தில் நூறு தடவை போய்த் திரும்புவார். கடல் தெரியாது.

அவருக்குத் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்த வேண்டியிருந்தது. காரணம் இது. புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரி. அதன் வெளி நடையில் அம்மாக்கள் துணி விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். மழை வந்தால் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு தங்கும் விடுதி கட்ட வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் எண்ணெய் மில் முதலாளி, கடலை நீந்திக் கடந்து காட்டுங்கள், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற என் மனையை எழுதித் தருகிறேன் என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, இவர் பிடித்துக்கொண்டார்.

கூடப் பாசி எடுக்கிற பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"சேசு, ஒன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தலையில முடியக் காணோமே" என்றாள் ஒருத்தி.

"வெயில்ல மின்னுதுடி. மீனெல்லாம் மிரண்டு ஓடுது" என்றாள் இன்னொருத்தி.

சொக்கநாதன் சிரித்துக்கொண்டே இறங்குவார். சேசம்மா சிரிக்க மாட்டாள். மூச்சை வீணாக்காதீங்க என்பாள். அவளை முதலில் கேலியாக டீச்சர் என்று கூப்பிட்டார். மூன்றாம் மாதம் கேலி போயிற்று. டீச்சர் மட்டும் நிலைத்தது.

எட்டு மாதம் படித்தார். அலையோடு மல்லுக்கு நிற்காமல் இருக்க, நீவாடு என்கிற நீரோட்டம் இழுக்கிற பக்கம் தெரிந்து குறுக்கே போக, உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடி கையைப் போட. எல்லாம் படிந்தது. ஒன்று மட்டும் படியவில்லை.

கடல் நீச்சலில் ஒரு விதி உண்டு. நீந்துகிறவர் படகைத் தொடக்கூடாது. படகில் இருப்பவர்கள் அவரைத் தொடக்கூடாது. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கயிற்றில் கட்டித்தான் போடுவார்கள். விரல் பட்டாலும் அதுவரை நீந்தியது செல்லாது.

ஒருநாள் அவர் கேட்டார்.

"தொடக்கூடாதுன்னா, நீங்க படகுல வந்து எனக்கு என்ன பிரயோசனம் டீச்சர்?"

மறுநாள் சேசம்மா பாசி எடுக்கிற இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பாசிப் பெண்கள் தனியாக முங்குவதில்லை. ஒருத்தி முங்கினால் ஒருத்தி மேலே மிதப்பாள். அன்று அவளுக்கு மேலே மிதந்தவர் இவர். அவள் போனாள், வந்தாள், போனாள். ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் முதலில் இவர் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள். சாக்கு நிறைந்தது.

"நான் சும்மாதானே கிடந்தேன்" என்றார்.

"பாசி காயணும். நடங்க" என்றாள்.

கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது.

அந்த நாள் வந்தது. விடியும் முன்னே தலைமன்னார்க் கரையிலிருந்து கடலில் இறங்கினார். படகை ஓட்டியது சேசம்மாவின் கொழுந்தன் இன்னாசி. நீச்சல் சங்கத்து அதிகாரி ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். சேசம்மா முன்பக்கம்.

அன்று அவர் கரை ஏறினார். மனையும் எழுதப்பட்டது. அதையெல்லாம் பேப்பரில் போட்டார்கள். பேப்பரில் வராதது எட்டாவது மணி நேரம்.

தனுஷ்கோடி அரிச்சல்முனை மணல் ஒரு கோடாகத் தெரிகிற நேரம். வெயில் நெற்றியில் குத்தியது. தண்ணீருக்கு அடியில் ஒரு சொறிமீன் கூட்டம், பட்டால் எரிகிற ஜெல்லி மீன்கள். சொக்கநாதன் அதற்குள் போய்விட்டார். இடது தோளிலும் கழுத்திலும் அதன் நூல்கள் சுற்றிக்கொண்டன. அமிலம் ஊற்றியது போல இருந்தது. கை தூக்க வரவில்லை. மூச்சு இழுக்க இழுக்கப் பாதியில் நின்றது.

படகு நாலு ஆள் நீளம் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. அதன் பக்கப் பலகையைத் தவிர வேறொன்றும் அவர் கண்ணில் படவில்லை. ஒற்றைக் கையால் தள்ளித் தள்ளி அதை நோக்கி வந்தார்.

"டீச்சர், கையைக் குடுங்க."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்றார். இன்னாசி கையை நீட்டப் போனான்.

"படக வெலக்கு" என்றாள் சேசம்மா.

இன்னாசி அவளைப் பார்த்தான். மனுஷன் செத்துப்போவான் அண்ணி என்றான். அவள் சொன்னதையே இன்னொரு தடவை சொன்னாள். படகு விலகியது. சொக்கநாதனின் விரல் பலகைக்கு ஒரு சாண் இருக்கும்போது பலகை போய்விட்டது.

அவர் அவளை ஏசினார். மதுரையில் படித்த மனிதர் ஏசுகிற ஏச்சா அது என்று இன்னாசி பிறகு சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டான்.

சேசம்மா அதிகாரியிடம் திரும்பி, கூட ஆள் இறங்கலாமா என்று கேட்டாள். ஒரு மணி நேரம் இறங்கலாம், தொடக்கூடாது என்றார் அவர். அவள் சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண் சட்டையின் பொத்தானைச் சரிபார்த்தாள். குதித்தாள்.

அதே சொறிமீன் கூட்டத்துக்குள்தான் குதித்தாள். அவள் முகம் ஒரு தடவை சுருங்கிப் பிறகு பழையபடி ஆனது. சொக்கநாதனுக்கு ஒரு கை தூரத்தில் வந்து மிதந்தாள்.

"நீங்களும் தொட முடியாது" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆமா."

"பின்னே எதுக்கு எறங்குனீங்க?"

அவள் கரைப் பக்கம் தலையை அசைத்தாள். அவர் ஒரு கையைப் போட்டார். அவளும் ஒரு கையைப் போட்டாள். அவர் நின்றார். அவளும் நின்றாள். இப்படியே கொஞ்ச தூரம். சொறிமீன்கள் பின்னால் போயின. எரிச்சல் கூடவே வந்தது.

அங்கே வைத்துத்தான் அவர் சொன்னார். எட்டு மாதத்தில் ஒருநாளும் சொல்லாதது.

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். நிரஞ்சனா. ஒன்பது வயது. அந்த ஆஸ்பத்திரியில்தான் கடைசி அறையில் கிடந்தாள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலைச் சுற்றி பிளாஸ்டிக் திரை. ஒரு காலையில் திரைக்கு உள்ளேயிருந்து, அப்பா, எனக்கு என்னப்பா ஆகும் என்று கேட்டாள். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு உள்ளே போகவே இல்லை. தொட முடியாதவன் அங்கே இருந்து என்ன செய்ய என்று மருந்துக் கடைக்கு ஓடினார், ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தார், பெரிய டாக்டரைத் தேடிச் சென்னைக்குப் போனார். செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார். திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி. பிள்ளை போனபோது இவர் ரத்த வங்கி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

சொல்லி முடிக்கும்வரை சேசம்மா பக்கத்தில் மிதந்தாள்.

"டீச்சர், நான் உள்ளேயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"ஒண்ணும் ஆகியிருக்காது."

ஆறுதலுக்காகப் பேசிப் பழக்கம் இல்லாதவள். அவருக்கும் அது தெரியும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டார். வெகு நேரம் வெளியே எடுக்கவில்லை. படகில் இன்னாசி எழுந்து நின்றுவிட்டான். சேசம்மா நகரவில்லை. அவள் கழுத்திலும் தடிப்புகள் சிவந்து எழுந்திருந்தன.

அவர் தலையைத் தூக்கினார். உதடு வெளுத்திருந்தது. இடது கை மரக்கட்டையாகத் தொங்கியது. கரை கிட்டே வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. கேட்டபோது அவர் குரல் ஐம்பத்தாறு வயதுக் குரலாக இல்லை.

"எனக்கு என்ன ஆகும்?"

சேசம்மா ஒரு கை தூரத்திலேயே மிதந்தாள். அவர் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணும் ஆகாது."