நாலு செங்கல்

பேராசிரியர் எஸ்தர் கட்டடக்கலை சொல்லிக்கொடுத்தவர். திருமாறன் அவரிடம் படித்தவன். இப்போது ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடு கட்டும் துறையில் பெரிய இன்ஜினியர். சித்திரை மாதம் ஒரு நாள், உச்சி வெயிலில் அவரைத் தேடி வந்தான்.

"நாங்க கட்டின குடியிருப்புல மேல்மாடி நசீமா, தன் வீட்டுக் கதவுக்கு மேலே நாலு செங்கலைப் பேத்து எடுத்துட்டா, மேடம். அரசாங்கச் சுவர்ல கை வைக்கக் கூடாது, மூணு நாள்ல அடைக்கணும், இல்லேன்னா வீடு ரத்துன்னு அவ கதவுல நோட்டீஸ் ஒட்டினேன். அந்தக் குடியிருப்பே என்னைத் திட்டுது. நான் செஞ்சது தப்பா?"

"கதவுக்கு மேலே காத்து போக வெண்டிலேட்டர் இருக்கணுமே?"

"வரைபடத்துல இருந்துச்சு. திறப்பு விழாவுக்கு முகப்பு பளிச்சுன்னு இருக்கட்டும்னு நான்தான் எடுத்துட்டேன்."

பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வண்டியை எடு."

நசீமா வீட்டில் ஒரே அறை, ஒரே ஜன்னல். அவளும் கைக்குழந்தையும் மட்டும்தான். குழந்தை ஈரத்துணியில் கிடந்தது. அதன் முதுகெல்லாம் வேர்க்குரு. மேலே வெறும் கான்கிரீட் தளம். பகல் முழுக்க வெயில் அதன்மேல்தான் விழும். இது இன்ஜினியருக்குத் தெரியாதா? தெரியும். அவன் அலுவலகத்தில் ஏசி ஓடுகிறது.

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு கொஞ்ச நேரம் கீழே நிழல்ல இரும்மா," என்று நசீமாவை அனுப்பினார் பேராசிரியர். தலையணையை எடுத்து, செங்கல் பேர்த்த ஓட்டையில் திணித்தார். கதவைச் சாத்தினார்.

"கதவையாவது திறந்து வைக்கலாமே, மேடம்?"

"தனியா இருக்கிற பொண்ணு கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவாளா? உட்காரு."

உட்கார்ந்தான். மின்விசிறி சுற்றியது. கீழே இறங்கியது அனல்தான். பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் தலை கிறுகிறுத்தது. பேராசிரியருக்கும் வியர்த்துக் கொட்டியது, ஆனால் அவர் அசையவில்லை. அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பதில் சொல்லுங்க, மேடம். நான் செஞ்சது தப்பா?"



இன்னும் ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"மனுஷன் இருக்கிற இடமா இது!" என்று கத்திக்கொண்டே எழுந்தான். கதவுக்கு மேலே எக்கித் தலையணையைப் பிடித்து இழுத்தான்.

பேராசிரியர் அவன் கையை ஓங்கித் தட்டிவிட்டார்.

"தொடாதே! அரசாங்கச் சுவர். வெளியே நோட்டீஸ் ஒட்டியிருக்கு, படிக்கலையா?"