கழுத்தோடு நின்ற மயில்

ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு இசை, நடனம், ஓவியம் மூன்றும் சேர்ந்து ஒரே நிகழ்ச்சி தருவதென்று முடிவானது. ரோஸ்லின் பாடுவாள். இசக்கியம்மாள் நீலச் சாயத்தில் கால் தோய்த்து, மேடையில் விரித்த வெள்ளைத் துணியில் ஆடுவாள். பாட்டு முடியும்போது அவள் காலடிகளே ஒரு மயிலாகியிருக்கும். எந்த அடி எங்கே விழ வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் பூவிழி. மூவரில் சிறந்தவளுக்குச் சென்னையில் பத்து நாள் கலை முகாம். இசக்கி அதுவரை மாவட்டத்தைத் தாண்டியதில்லை.

படம் வரைகிறவர்கள் உருவத்தின் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அதனால் மயிலின் தலையைக் கடைசி எட்டு அடிக்கு வைத்திருந்தாள் பூவிழி. பாடுகிறவர்களோ, நேரம் போதாவிட்டால் கடைசிப் பல்லவியைத்தான் விடுவார்கள். இதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

விழாவன்று சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். ஆட்டத்தின் நடுவே தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்ட, அவையைப் பார்த்து உட்கார்ந்திருந்த ரோஸ்லின் பாட்டைச் சுருக்கினாள். துணியைத் தூக்கும் கழிகளோடு பூவிழி திரைக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்து துணி தெரியாது.

இசக்கியின் வலது கால் அந்தரத்தில் நின்றது. இன்னும் எட்டு அடி. நாற்பது ஒத்திகை ஆடிய காலுக்குத் தெரியாதா? ஆனால் பாட்டு நின்றபின் அடி வைத்தால் தாளம் தப்பிவிட்டாள் என்பார்கள். முன்வரிசையில் நடுவர்கள். காலை இறக்கிக் கும்பிட்டாள்.

துணி எழுந்தது. தட்ட விரிந்த கைகள் அப்படியே நின்றன. தோகை விரித்த மயிலுக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு குழந்தை வீறிட்டது.

“ஏட்டி, என் மயிலு கழுத்தை அறுத்துட்டியே,” என்றாள் பூவிழி ரோஸ்லினிடம்.

“தலையைக் கடைசியில வச்சது யாரு? வாலுல இருந்தா மயிலு பொறக்கும்?”

தவறு செய்யாதவளே முகாமுக்குப் போவாள் என்றார், நடுவர்களோடு பேசிவிட்டு வந்த தலைமையாசிரியை. சண்டையிட்ட இருவரும் அப்போது ஒன்றாகச் சொன்னார்கள்: “இசக்கி என்ன செய்வா டீச்சர்? பாடுனதுக்குத்தான ஆட முடியும்?”

இசக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பெயர் படிவத்தில் ஏறுவதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது சொல்லுங்கள்: மூவரில் மயிலின் தலையைக் கைவிட்டவள் யார்?

விடை: ரோஸ்லினுக்குப் படத்தின் கணக்குத் தெரியாது. பூவிழிக்குப் பாட்டு கேட்டது, துணி தெரியவில்லை. பாட்டு நின்றதும் தலை வராததும் அந்த நொடியில் சேர்ந்து தெரிந்தது ஒருத்திக்கு மட்டுமே. பாட்டில்லாமலும் எட்டு அடி வைத்திருக்கலாம். மறுநாள் காலை, சாயம் போகாத கால்களோடு அந்த ஒருத்தி தலைமையாசிரியையின் அறை வாசலில் நின்றாள். “டீச்சர், தலை வரலன்னு எனக்கு அப்பவே தெரியும்,” என்றாள்.