பத்துப் பட்டன் பிரஸ்

முட்டாள்கள் நான்கு பேர் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் பட்டறையில் நான்கு பேரும் ஒரே ஷிப்ட். அதில் அனுபவசாலி என்று என்னை ஃபோர்மேன் ஆக்கியிருந்தார்கள்.

ஃபிட்டர் சென்னியப்பன், வெல்டர் நாச்சிமுத்து, எலெக்ட்ரீசியன் ஆறுச்சாமி, அப்புறம் குழந்தைவேலுவாகிய நான். டப்பா மூடி அடிக்கும் பிரஸ் மெஷின் கட்டுவது எங்கள் தொழில். தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி மூடியாக அடித்துக் கொடுக்கும். கையை வைத்தால் கையையும் விடாது.

அதனால்தான் சென்னைக் கம்பெனி ஒன்று, பாதுகாப்பான மெஷினாக இருந்தால் மேலும் பத்து வாங்குகிறோம் என்று எழுதியிருந்தது. முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

"இங்க பாருங்கப்பா. மெஷின் முன்னாடி எவன் நின்னாலும் அவனோட ரெண்டு கையும் ரெண்டு பட்டன் மேல இருக்கணும். அப்பத்தான் அச்சு இறங்கணும். வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனி மேடம் வந்து பார்ப்பாங்க. பாஸ் ஆகலைன்னா பட்டறையை இடிச்சுக் கல்யாண மண்டபம் கட்டிருவேன்."

சொல்லிவிட்டுத் தாராபுரத்தில் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். கல்யாண மண்டபத்தில் எங்களுக்கு என்ன வேலை கிடைக்கும்? பந்திக்கு இலை போடக்கூட நாலு பேர் யோசித்துத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

புதன்கிழமையே இரண்டு பட்டன் வைத்தாயிற்று. சென்னியப்பன் இரண்டு கையையும் அவற்றின் மேல் வைத்து நின்றான். அச்சு ஜம்மென்று இறங்கியது, வெறும் காற்றின் மேல்.

"தகடு வைக்கோணுமே, குழந்தையண்ணா," என்றான். "எனக்குக் கையில்லீங்களே."

"நாச்சிமுத்து வெக்கட்டும்," என்றேன். ஃபோர்மேன் என்றால் சும்மாவா.

நாச்சிமுத்து தகட்டோடு வந்து நின்றான். ஆறுச்சாமி தொண்டையைச் செருமினான். "ஏனுங்கண்ணா, இப்ப இவனும் மெஷின் முன்னாடிதானுங்க நிக்கிறான்?"

நியாயமான கேள்வி. நாச்சிமுத்துவுக்கும் இரண்டு பட்டன் வைத்தோம். தகட்டை ஆறுச்சாமி எடுத்தான். அவனும் மெஷின் முன்னால் வந்துதானே ஆகவேண்டும்? அவனுக்கும் இரண்டு. கடைசியில் தகடு என் கைக்கு வந்தது. ஃபோர்மேனுக்கு ஒரு சட்டம், மற்றவனுக்கு ஒரு சட்டமா? வியாழக்கிழமை மாலைக்குள் எட்டுப் பட்டன். எட்டையும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும். அந்த ஒயரிங் வேலையை ஆறுச்சாமி அப்பழுக்கில்லாமல் செய்திருந்தான். தகடு மட்டும் கீழே கிடந்தது.

"பல்லுல கடிச்சு உள்ளார வெச்சரலாமுங்க," என்றான் நாச்சிமுத்து. "முதலாளி கையைத்தான சொன்னாரு, தலையைப் பத்திப் பேச்சே இல்லீங்களே."

நான் எங்கள் நால்வரின் தலைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நஷ்டம் பெரிதாக இராது. இருந்தாலும் அச்சு கெட்டுப்போகும் என்று தடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வழக்கம்போல டீக்கார காதர் பாய் கேனோடு வந்தார். எங்கள் எட்டுக் கையும் பட்டன் மேல் இருந்ததால் அவரே ஒவ்வொருவர் வாயிலும் டீயை ஊற்றினார். மூன்றாவது ஆளுக்கு ஊற்றும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த மனுஷனுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கிறது.

"பாய், அந்தத் தகட்டைக் கொஞ்சம் உள்ள வெச்சுக் குடுங்களேன்."

பாய் தகட்டை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆறுச்சாமி மறுபடி தொண்டையைச் செருமினான்.

"வேணாம்ப்பா, எனக்கு ஆறு பட்டறைக்கு டீ குடுக்கணும்," என்று பாய் எவ்வளவோ சொன்னார். அரை மணி நேரத்தில் அவருக்கும் இரண்டு பட்டன் வைத்துவிட்டோம்.

சென்னைக் கம்பெனி எஸ்தர் மேடம் உள்ளே வந்தபோது ஐந்து பேரும் பத்துக் கையோடு மெஷினைச் சுற்றி நின்றோம். வணக்கம்கூடத் தலையை ஆட்டித்தான் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

"ஓட்டுங்க."

ஓட்டினோம். அச்சு இறங்கியது. ஒவ்வொருவரையும் நடுவில் ஒவ்வொரு கையாக எடுக்கச் சொன்னார். எடுத்தவுடன் நின்றது. பத்துத் தடவை பார்த்தார், பத்துத் தடவையும் நின்றது.

"தகடு எங்க?"

"வெக்கக் கையில்லீங்க மேடம்."

மேடமே தகட்டை எடுத்து அச்சுக்குக் கீழே வைத்தார், கையை எடுத்தார், நாலடி தள்ளி நின்றார். "இப்ப அமுக்குங்க."

பளபளவென்று ஒரு மூடி வந்து விழுந்தது. முதலில் வைத்துவிட்டு அப்புறம் அமுக்குவது! மூன்று நாளில் ஐந்து பேரில் ஒருத்தனுக்கு, அதுவும் ஃபோர்மேனுக்கு, தோன்றியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

மேடத்துக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "அச்சுக்கு அடியில எவன் கையும் போகாதா, அதை மட்டும்தான் நான் பார்க்கணும். போகாது. மத்ததை வேற ஆபீஸ் பார்க்கும்," என்று சோதனைப் படிவத்தை எடுத்தார். 'இயக்குபவர்கள்: ஐவர். பட்டறை ஊழியர் நால்வர், டீ வியாபாரி ஒருவர்' என்று இருந்ததை இருந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பட்டறை பிழைத்தது. முதலாளி தாராபுரத்திலிருந்தே போனில் ஆனந்தப்பட்டார். "பத்து மெஷினுக்கும் ஆர்டர் வந்திருச்சு! பாஸானது எப்படியோ அப்படியே இருக்கணும். காயிதத்துல இருக்கறதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஆர்டர் போயிரும், சொல்லிட்டேன்."

அவர் பேச்சை என்றைக்கு மீறியிருக்கிறோம்? மெஷினுக்கு நாலு பட்டறை ஆட்களைச் சேர்ப்பது சிரமமாக இல்லை. டீக்காரர்கள்தான் லேசில் மசியவில்லை. சம்பளம், சாப்பாடு, சென்னையில் தங்க இடம் என்று ஆசை காட்டி, இருபது நாளில் காதர் பாய் உட்பட ஒன்பது பேரைப் பிடித்து ரயிலேற்றி அனுப்பிவிட்டோம்.

பத்தாவது ஆளைத் தேடி நேற்று நானும் சென்னியப்பனும் மத்தியானம் வரைக்கும் அலைந்தோம். வெயிலில் நாக்கு வறண்டு போயிற்று. ஒரு டீயாவது குடிக்கலாம் என்று பார்த்தால் கணபதியில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை.

"எல்லாரும் எங்கீங்கண்ணா போயிட்டாங்க?" என்று சென்னியப்பன் கேட்டான்.

எனக்கும் அதுதான் புரியவில்லை.