கழுவாத கச்சை

வழக்கைக் கடைசிவரை கேளுங்கள். தீர்ப்பை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

மேலமடைப் பாளையத்தில் வீரணன் என்றொரு மல்லன் இருந்தான். செத்துப்போன அப்பன், தன் காலமெல்லாம் தோல்வியே காணாமல் கட்டிய சிவப்புக் கச்சை அவனிடம் இருந்தது. வென்ற கச்சையைத் துவைக்கக் கூடாது, கோதாவின் மண் அதிலேயே இருக்க வேண்டும் என்பது அவ்வூர் மல்லர் வழக்கம். துவைத்தால் வெற்றியும் தண்ணீரோடு போய்விடுமாம். கல்யாணமாகி வந்த அன்றே, அதில் சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டேன் என்று மனைவி பேச்சியம்மாளிடம் வாக்கு வாங்கிக்கொண்டான்.

வினை படர்தாமரையாக வந்தது. இடுப்பில் காசளவில் தொடங்கி, வட்டம் வட்டமாகப் பரவியது. மாசித் திருவிழா மற்போருக்கு முன் மல்லர்களின் உடலைச் சோதிக்கும் ஆசான் உக்கிரபாண்டி, அவன் பூசி மறைத்திருந்த சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தார்.

"ஒன் தொத்து எதிராளிக்கும் ஒட்டணுமோ? வெளிய போ."

ஊரே பார்க்க வீரணன் தலைகுனிந்து வீடு வந்தான். அடுத்த மாசிக்குள் இதை ஒழித்தே தீருவதென்று பேச்சியம்மாள் அன்றே முடிவு கட்டினாள்.

வைத்தியர் சித்திரபுத்திரன் நாகமல்லி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசச் சொன்னார். "அரிப்பு நின்னாலும் பூச்ச நிறுத்திராத தாயி. மேல படுற துணி அம்புட்டையும் கொதிக்க வச்சு வெயில்ல போடணும்."

விரல் காந்தக் காந்த அவள் அரைத்தாள். வேட்டி, துண்டு, போர்வை எல்லாம் கொதித்தன. தோல் தெளிந்தது. கச்சை கட்டிப் பயிற்சிக்குப் போனான், நோய் திரும்பியது. மறுபடி பூசினாள். தெளிந்து, மறுபடியும் திரும்பியது. ஒவ்வொரு முறையும் முதல் வட்டம், கச்சையின் முடிச்சு அழுந்தும் இடத்தில்தான் கிளம்பியது.

"மருந்து சரியில்ல," என்றான் வீரணன்.

"மருந்து சரிதான். ஒரு துணி மட்டும் இன்னும் கொதிக்கல."

"அது துணியில்ல. எங்கய்யா."

ஆனாலும் ஒரு காலையில், அவன் கண்ணெதிரே கச்சையை எடுத்துக் அழுக்கெடுக்கும் உவர்மண் கரைத்துக் கொதித்த தண்ணீரில் போட்டாள். அவன் ஓடி வருவதற்குள் பழைய மண்ணெல்லாம் கரைந்துவிட்டது.

"ஒளிச்சுச் செய்ய எனக்கு மனசு வரல. வாக்குத் தவறுனவ நாந்தான்," என்றாள்.

அன்று முதல் வீரணன் அவளோடு பேசவில்லை, அவள் கையால் சாப்பிடவும் இல்லை. அவளோ தினமும் மருந்தை அரைத்து வாசற்படியில் வைத்தாள். அவன் அதை எடுத்துப் பூசினான். தோல் தெளிந்தது. இம்முறை நோய் திரும்பவில்லை.

மாசி வந்தது. ஆசான் சோதித்து உள்ளே விட்டார். வெளுத்த கச்சையோடு இறங்கி வென்ற வீரணன், பரிசுக் காளையின் கயிற்றைப் பிடித்துச் சபையில் சொன்னான்: "என் நோயத் தீத்தவுகளுக்கே இந்தக் காள."

வைத்தியர் எழுந்தார். "இலையையும் சொன்னேன், துணியையும் சொன்னேன். நான் சொல்லாத எதையும் யாரும் செய்யல."

ஆசான் எழுந்தார். "அன்னைக்கு நான் வெரட்டலன்னா, சந்தனத்தப் பூசியே காலத்த ஓட்டியிருப்பான்."

பேச்சியம்மாளும் எழுந்தாள். "கச்சயக் கொதிக்க வச்சது நான்."

சபை சிரித்தது. காளை புருஷனுடையதானாலும் பெண்டாட்டியுடையதானாலும் ஒரே தொழுவத்தில்தானே நிற்கப் போகிறது, இவளுக்கு எதற்கு இந்த வழக்கு? அதிலும் வாக்குத் தவறியவள் பரிசு கேட்கலாமா?

வழி சொன்னவர், விரட்டியவர், வாக்கை மீறியவள். இம்மூவரில் காளை யாருக்கு உரியது?

விடை: ஆசான் காத்தது மற்ற மல்லர்களை, நோயை அவர் தீர்க்கவில்லை. வைத்தியரின் இலை இல்லாமல் தோல் தெளிந்திராது. ஆனால் அவர் எல்லாம் சொன்ன பிறகும் நோய் திரும்பிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தியது கடைசியாகக் கொதித்த அந்தத் துணி. அவள் கொடுத்த வாக்கு கணவனின் வெற்றிக்காக. அதைக் காத்திருந்தால் அவன் கோதாவுக்குள் கால் வைத்திருக்கவே முடியாது. ஆகவே காளை பேச்சியம்மாளுக்கே. அவள் காளைக்கு ஆசைப்பட்டு எழவில்லை என்பது வீரணனுக்கும் புரிந்தது. சபை நடுவே கயிற்றை அவள் கையில் கொடுத்து, "நீ செஞ்சதுதான் சரி," என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பசிக்கி. வீட்டுக்குப் போவோம், வா," என்றான்.