தேயாத முதுகு

கோணிப்போன உடம்புகளைப் பயிற்சியால் நிமிர்த்தும் வித்தையை ஜெசிந்தா மேடத்திடம் கற்றுக்கொண்டிருந்தார் மாசிலாமணி. மேடத்தைவிட வயதில் மூத்தவர். ஒரு காலத்தில் பாடிபில்டர். அந்த நினைப்பு மட்டும் இன்னும் இளைக்கவில்லை.

அவரிடம் வந்தவர் கனகவல்லி. வலது இடுப்பு இறங்கிப்போய், முதுகில் ஓயாத வலி. கையைத் தூக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார், எழச் சொன்னார். முன்னால் நின்று பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். பயிற்சி கொடுத்தார். கனகவல்லி நிமிர்ந்தார், வீட்டுக்குப் போனார், அடுத்த வாரமே பழைய கோணலோடு வந்தார். எத்தனை வாரமானாலும் இதே கதை.

கணவர் சபாபதியும் கூடவே வருவார். நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார்.

"இன்னும் எவ்வளவு நாள் சார்? எங்கம்மா படுத்த படுக்கை. இவதான் தூக்கிக் குளிக்க வைக்கணும். இன்னொரு தடவை இவளுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டா ஆபரேஷன்தான்னு டாக்டர் வேற சொல்லிட்டார். சீக்கிரம் சரிபண்ணிக் கொடுங்க."

மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்த மாதிரிதான் பேச்சு.

மாசிலாமணி மேடத்திடம் போனார்.

"எந்தத் தசையை விட்டேன்னே தெரியலை, மேடம். எங்கே தப்பு பண்ணினேன்?"

மேடம் எழுந்து வந்தார். சபாபதியைக் கூப்பிட்டார்.

"செருப்பைக் கழற்றிட்டு இந்தப் பாயில வந்து நில்லுங்க சார்."

"நானா? எனக்கு ஒண்ணும் இல்லையே!"

"அதைத்தான் பார்க்கணும்."

சபாபதி கையைத் தூக்கினார். உட்கார்ந்தார். எழுந்தார்.

"எப்படி இருக்கு?" என்று மாசிலாமணியைக் கேட்டார் மேடம்.

"ஒரு குறையும் இல்லை மேடம். புத்தம்புதுசு."

"ஆமாம். அட்டைப்பெட்டியைவிட்டே எடுக்கலை."

சபாபதிக்கு அது பாராட்டாகப் பட்டது. "நான் ஜிம் பக்கமே போனதில்லை மேடம்!" என்று சிரித்தார்.

"ரொம்ப நல்லது. நாளையிலேர்ந்து அம்மாவை நீங்க தூக்குங்க."

சிரிப்பு நின்றது.

"ஐயோ, என் முதுகு போயிடுமே மேடம்!"

கனகவல்லி முன்னால் வந்தார். கணவர் நின்ற பாயைச் சுருட்டக் குனிந்தார். இடுப்பு வலப்பக்கம் இறங்கியது.

மேடம் பாயின் ஓரத்தை மிதித்துக்கொண்டார். கனகவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

மேடம் மாசிலாமணியிடம் திரும்பினார்.

"நீங்க இத்தனை நாளாத் தேடின காரணம் இவங்க வீட்டுக்காரருக்கு முதல் நாளே தெரியும், சார்."