ஏழாவது கேள்விக்குப் போட்டோ

ஆய்வு மாணவி குயிலி வாயைத் திறந்தால் வாதம்தான் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு வாதாட வேண்டியிருக்காது என்ற நம்பிக்கையோடு அவள் பேராசிரியர் சவரிமுத்துவின் அறைக்குள் போனாள். கையில் அறுபது பக்கப் பாடத்திட்டம்.

"வளங்குன்றா வளர்ச்சி. புதுப் பாடம் சார். இதில் நாம் எதையும் நடத்தப் போவதில்லை. ஒரு சிக்கலைக் கையில் கொடுத்துவிடுவோம். அதைத் தீர்க்கப் பார்த்தே மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள்."

"என்ன சிக்கல்?"

"நம் மதில் சுவருக்குப் பின்னால் இருக்கிற குப்பைமேட்டுத் தெரு. நிலத்தடி நீர் கெட்டுப்போயிருக்கிறது. கற்பனை ஊர் இல்லை சார், நிஜத் தெரு, நிஜ மனிதர்கள். நாளைக்குப் பாடத்திட்டக் குழு கூடுகிறது. உங்கள் கையெழுத்து இல்லையென்றால் என் இரண்டு வருட உழைப்பும் அந்தக் குப்பைமேட்டுக்குத்தான்."

"அங்கே போயிருக்கிறாயா?"

"மாணவர்கள் போவதற்குத்தானே சார் பாடம்? என்னிடம் செயற்கைக்கோள் படம் இருக்கிறது."

"கேள்விப் படிவம்?"

"துறை அலமாரியில் பழையது ஒன்று இருந்தது. பத்துக் கேள்விகள். நன்றாக இருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டேன்."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். "எடுத்துக்கொண்டு வா."

குப்பைமேட்டுத் தெருவில் மூன்றாவது வீட்டு வாசலில் செல்லக்கிளி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குயிலியின் ஃபைலைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"எழுதிக்கோ கண்ணு. ஒண்ணு, வீட்டுல ஆறு பேரு. ரெண்டு, குடிக்க லாரித் தண்ணி, குளிக்க போர் தண்ணி. மூணு, போர் தண்ணி மஞ்சளா வரும், நாத்தமடிக்கும். நாலு, ஆமா, உடம்பெல்லாம் அரிப்பு. அஞ்சு, மனு கொடுத்தோம். ஆறு, யாரும் வரல."

குயிலி இன்னும் படிவத்தை வெளியே எடுக்கவில்லை.

"அக்கா, ஏழு வருது! தலையைக் கோதிக்கோ!" என்று எதிர்வீட்டுப் பெண் கத்தினாள். தெருவே சிரித்தது.

"ஏழாவது கேள்விக்கு போட்டோ எடுப்பாங்க. குடத்தோட நிக்கட்டுமா, சும்மா நிக்கட்டுமா?" என்றாள் செல்லக்கிளி.

குயிலி ஃபைலைத் திறந்து ஏழாவது கேள்வியைத் தேடினாள்.

"இரு இரு, ஒண்ணாவதைத் திருத்திக்கோ. அஞ்சு பேரு. வாய்ப்பழக்கத்துல ஆறுன்னுட்டேன். பெரியவன் போன மாசியில போய்ச் சேந்துட்டான்."

இப்போது தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

குயிலி கேட்டாள், "வருஷா வருஷம் வந்து இதையே கேட்டுட்டுப் போறது யாரு?"

"என்னைக் கேக்குறியே. சாரைக் கேளு. மொத மொத அவரு வந்தப்ப தலை கறுகறுன்னு இருந்துச்சு."

குயிலி திரும்பிப் பார்த்தாள்.

"படிவம் நான் எழுதியது, வருவது என் மாணவர்கள். பதினேழு வருடம் ஆகிறது" என்றார் பேராசிரியர்.

"அறிக்கைகள் எங்கே சார்?"

"நூலகத்தில். இரண்டாம் மாடி."

"அவற்றை வைத்து என்ன செய்தீர்கள்?"

"மார்க் போட்டேன். எல்லோருக்கும் நல்ல மார்க்."

அவள் ஃபைலை அவர் முன் நீட்டினாள். "கிழித்துப் போடுங்கள்."

அவர் கிழிக்கவில்லை. பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'மாணவர்களை மதிப்பிடுபவர்' என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அடித்தார். 'செல்லக்கிளி, மூன்றாவது வீடு' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

குயிலி அதை இரண்டு முறை படித்தாள்.

"குழுவில் விடமாட்டார்கள் சார். என்ன தகுதி என்று கேட்பார்கள்."

"கேட்பார்கள். நீதான் வாதாடுகிறவளாயிற்றே."

"சரி, வாதாடுகிறேன். இந்த அம்மா எல்லோரையும் ஃபெயில் ஆக்கிவிட்டால்?"

பேராசிரியர் செல்லக்கிளியின் வாசலில் இருந்த காலிக் குடத்தைப் பார்த்தார்.

"பதினேழு வருடமாகப் பழைய பேப்பர் ஒன்று திருத்தாமல் கிடக்கிறது, குயிலி. முதலில் என்னுடையதைத் திருத்தச் சொல்."