ரத்னாபாய் உக்காந்த வாசல்

ஒரு ஊர்ல ஒரு சதுரத் தோட்டம் இருந்துச்சு. ஊருன்னா சின்ன ஊரில்ல, கப்பல் வந்து நிக்கிற பட்டணம். போர்வையை இழுத்துக்கோ, அத்தை சொல்றேன். நீ "ம்" மட்டும் கொட்டு.

ஆதியில அது பட்டாளத்துக் குதிரை கட்டுற பொட்டல். பட்டாளம் போனப்புறம், மூணு பக்கம் மூணு பணக்காரங்க மாடி வீடு கட்டினாங்க. நாலாவது பக்கம் கடைத்தெரு. நடுவுல தோட்டம் போட்டாங்க. எட்டுத் தூண் வச்சு ஒரு பேண்டு மண்டபம், ஞாயித்துக்கிழமை பம் பம்முனு வாசிப்பாங்க. கல்லுல நாலு அன்னம், வாயிலேர்ந்து தண்ணி சலசலன்னு கொட்டும். தூங்குமூஞ்சி மரம் ஏழு. பாத்தி பாத்தியா ரோஜா. ம்?

அப்புறம் சுத்தி இரும்பு வேலி, மூணு கேட்டு. வீட்டுக்கு ஒரு கேட்டு, ஒரு சாவி. ஊர்க்காரங்க வெளிய நின்னு பேண்டு கேக்கலாம், உள்ள கால் வைக்க முடியாது.

அங்க செடிக்குத் தண்ணி ஊத்துறவ பேரு அஞ்சலை. காலையில காவக்காரர் அவளை உள்ள விடுவார், வேலை முடிஞ்சா வெளிய விட்டுப் பூட்டிருவார். உள்ள ஒரு கிணறு. எந்தக் கோடைக்கும் வத்தாது.

ஒரு வருஷம் மழையே இல்ல. கடைத்தெருக் கிணத்துல வாளி விட்டா டொக்குனு தரையில முட்டுச்சு. அப்போ ஜனங்க குடத்தோட வந்து வேலி ஓரம் நின்னாங்க. அவங்க கண்ணு முன்னால ரோஜாவுக்குத் தண்ணி ஊத்த அஞ்சலைக்குக் கை கூசுச்சு. கம்பி நடுவுல குடம் நுழையல. சொம்பு சொம்பா வெளிய ஊத்துனா, சளக் சளக்குனு பாதி மண்ணுல போச்சு. ஒரு கைக்குழந்தைக்காரி மண்ணுல சிந்தினதை முந்தானையில ஒத்தி, குழந்தை உதட்டுல வச்சா. அஞ்சலை சொம்பைக் கீழ வச்சுட்டு சாவி கேக்கப் போயிட்டா.

முதல் வீடு பஞ்சு வியாபாரி சிதம்பரநாதன் வீடு.

"ஐயா, கேட்டைத் திறந்தா ஜனங்க தண்ணி மொண்டுக்குவாங்க."

"அடுத்த வாரம் தோட்டத்துல என் பொண்ணு கல்யாணம். பூவெல்லாம் வாடிப்போனா எப்படி?" கதவு பட்டுனு சாத்திருச்சு.

அப்புறம் வக்கீல் வேதநாயகம் வீடு. அவர் பொறுமையாத்தான் கேட்டார். "பாவந்தான் அஞ்சலை. ஆனா வெளியாளை விடக்கூடாதுன்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

மூணாவது ரத்னாபாய் அம்மா வீடு. டாக்டர் சம்சாரம், வயசானவங்க, டாக்டர் இறந்துட்டார். அவங்களுக்குக் கண்ணு தெரியாது. தினம் சாயங்காலம் தடியை டொக் டொக்குனு ஊனிக்கிட்டு வந்து ரோஜாப் பாத்தி ஓரம் உக்காருவாங்க. அந்த வாசனைக்காகத்தான் வீட்டை விட்டே வெளிய வர்றது. அதனால அவங்ககிட்ட கேக்கத்தான் அஞ்சலைக்கு நாக்கு எழல. இருந்தாலும் கேட்டா.

"கேட்டைத் திறந்து எல்லாரும் மொண்டா ரோஜாவுக்குத் தண்ணி மிஞ்சாதும்மா. பட்டுப்போயிரும்."

"வெளிய எத்தனை பேரு?"

"எண்ண முடியலம்மா."

ரத்னாபாய் தடியை ஊனி எந்திரிச்சாங்க. அப்புறம் இடுப்புலேர்ந்து சாவியை எடுத்தாங்க. "என்னைக் கூட்டிட்டுப் போ. நானே திறக்கறேன்."

கிரீச்ச்... கேட்டு திறந்துச்சு. ஜனம் முண்டல, மோதல. வரிசையாப் போய்த் தண்ணி மொண்டாங்க. ம்?

ரத்னாபாய் வாசல் நடுவுல ஒரு நாற்காலி போடச் சொல்லி உக்காந்துட்டாங்க. பொழுதுக்கும் அங்கதான். ராத்திரி அதே இடத்துல அஞ்சலை முந்தானையை விரிச்சுப் படுத்துக்கிட்டா.

முதல் நாள் சிதம்பரநாதன் புதுப் பூட்டோட வந்தார். "எந்திரிங்கம்மா, பூட்டணும்."

"என்னை நாற்காலியோட தூக்கி வச்சுட்டுப் பூட்டுங்க."

அவர் தொடத் துணியல, போயிட்டார்.

ரெண்டாம் நாள் வக்கீல் பத்திரத்தோட வந்தார். "எனக்குத்தான் கண்ணு தெரியாதே, சத்தமா வாசிங்க"ன்னாங்க. அத்தனை ஜனமும் பாத்துக்கிட்டு நிக்க அவர் வாசிச்சார். நாலு வரியில குரல் இறங்கிப்போச்சு. காகிதத்தை மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டார்.

மூணாம் நாள் சிதம்பரநாதனோட பொண்ணே வந்தா, அந்தக் கல்யாணப் பொண்ணு. வெயில் சுள்ளுனு காயுது. பக்கத்துல நின்னு ரத்னாபாய்க்குக் குடை பிடிச்சா. அப்புறம் பூட்டோட யாருமே வரல. கல்யாணம் மாடியில நடந்துச்சு.

ரோஜா அத்தனையும் பட்டுப்போச்சு. ஆனா அந்தக் கேட்டை அதுக்கப்புறம் யாரும் பூட்டல. ரொம்ப வருஷம் கழிச்சு வேலியையே பிடுங்கிட்டாங்க, இப்பவும் கேட்டு மட்டும் தனியா நிக்குது. அது இருக்கட்டும், நான் சொல்ல வந்தது ஐப்பசியில மழை பெஞ்ச மறுநாள் சாயங்காலம்.

ரத்னாபாய் தடியை ஊனிக்கிட்டு வந்து மொட்டைப் பாத்தி ஓரம் உக்காந்தாங்க. "ஒரு செடிகூட மிஞ்சலம்மா"ன்னு அஞ்சலை மெதுவாச் சொன்னா.

ரத்னாபாய் மூக்கை உறிஞ்சினாங்க. "வறுத்த கடலை வாசம் வருதே. யாரது?"

கடைத்தெருக் குடும்பம் ஒண்ணு, ஈரப் புல்லுல உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒரு குட்டிப் பொண்ணு எந்திரிச்சு வந்து, அவங்க உள்ளங்கையில சூடா ஒரு பிடி வச்சா. ரத்னாபாய் ஒண்ணொண்ணா உரிச்சுத் தின்னுக்கிட்டு, சுத்திலும் ஜனங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு, இருட்டுற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.

கதை அங்கேயே உக்காந்துருச்சு. நீ இங்க கண்ணை மூடிக்கோ.